பாட்டுக்காரர் நடித்த மூன்று போர்க்கதைகள்



ஜப்பானில் பையன்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஆடிப் பாடும் குழுக்கள் ரொம்பப் பிரபலம். அப்படிப்பட்ட ஒரு குழுதான் 'அராஷி'. அராஷி என்றால் ஜப்பானிய மொழியில் புயல் என்று அர்த்தம். அந்தக் குழுவின் ஐந்து பேரில் ஒருவர் நினோமியா கஸுனாரி. (அங்கே குடும்பப் பெயரை முன்னால் சொல்வார்கள்.)

இவர் 1983 ஜூன் 17 அன்று டோக்கியோவில் பிறந்தார். 1996-ல், 13 வயதிலேயே, ஆட்டம் பாட்டு பயிற்சிக்குச் சேர்ந்தார். 1999 நவம்பர் 3 அன்று அராஷியின் முதல் பாட்டு வெளிவந்தது. அப்போது அவருக்கு 16 வயது. கிட்டத்தட்ட நம்ம வயசுதான் பாருங்க!

பாட்டோடு நிற்காமல் நடிக்கவும் செய்தார். இரண்டாம் உலகப்போர் பற்றி அவர் நடித்த மூன்று படங்களைப் பார்ப்போம்.

1. இவோ ஜிமாவிலிருந்து கடிதங்கள் (2006): அமெரிக்க இயக்குநர் கிளின்ட் ஈஸ்ட்வுட் எடுத்தது. 1945-ல் இவோ ஜிமா தீவில் நடந்த சண்டையில் சுமார் 21 ஆயிரம் ஜப்பானிய வீரர்களில் பெரும்பாலோர் இறந்துபோனார்கள். இதில் இவர் சைகோ என்ற ரொட்டிக்கடைக்காரர். கர்ப்பிணி மனைவியை விட்டுவிட்டுப் போருக்கு வந்தவர். உயிரோடு வீட்டுக்குப் போகணும், அதுதான் அவர் ஆசை.

2. அம்மாவோடு வாழ்ந்தால் (2015): யோஜி யமதா இயக்கியது. 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் அணுகுண்டு விழுகிறது. வகுப்பில் உட்கார்ந்திருந்த மருத்துவ மாணவன் கோஜி இறந்துபோகிறான். மேசையில் இருந்த மைக்கூடே உருகிவிடுகிறது. மூன்று வருஷம் கழித்து ஆவியாக வந்து அம்மாவோடு பேசுகிறான். இந்தப் படத்துக்காக 2016-ல் ஜப்பான் அகாதமியின் சிறந்த நடிகர் விருது பெற்றார்.

3. முகாமிலிருந்து அன்புடன் (2022): இது உண்மைக் கதை. போர் முடிந்த பிறகும் சுமார் 6 லட்சம் ஜப்பானியர்களை சோவியத் நாடு சைபீரியா போன்ற இடங்களில் சிறை வைத்து வேலை வாங்கியது. அதில் ஒருவர் ஹதாவோ யமமோதோ. நோயில் படுத்தவர் குடும்பத்துக்குக் கடைசிக் கடிதம் எழுதி வைத்து, 1954-ல் இறந்தார். எழுதிய தாளைக் காவலர்கள் பிடுங்கிவிடுவார்களே! அதனால் நண்பர்கள் அதை மனப்பாடம் செய்து, விடுதலையாகி ஊர் திரும்பிய பின் அவர் குடும்பத்திடம் சேர்த்தார்கள். நாம மனப்பாடப் பகுதின்னாலே முகத்தைச் சுளிக்கிறோம். அங்கே மனப்பாடம்தான் தபால்காரர் வேலையைச் செய்திருக்கிறது!

ஒன்றைக் கவனித்தீர்களா? மூன்றிலும் அவர் எதிரிகளைச் சுட்டு வீழ்த்தும் கதாநாயகன் கிடையாது. ரொட்டிக்கடைக்காரர், மாணவன், கைதி. நாட்டுக்கே தெரிந்த நட்சத்திரம் பேரே தெரியாமல் போயிருக்க வேண்டியவர்களுக்கு முகம் கொடுத்தார்.

2020 டிசம்பர் 31-க்குப் பிறகு அராஷி குழு ஓய்வெடுத்தது. 2023-ல் நினோமியா தன் பழைய நிறுவனத்தை விட்டுத் தனியாக வந்தார்.

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் இரண்டாம் உலகப்போர் பாடம் வரும். 'பல லட்சம் பேர் மாண்டனர்' என்று ஒரே வரியில் படித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடாதீர்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருந்தது. அங்கே வாசலைப் பார்த்தபடி யாரோ ஒருத்தர் காத்திருந்தார்.



– 9-ஆம் வகுப்பு மாணவி