விண்மீன் மண்டலங்கள் வளர்ந்த வரலாறு

திருப்பூர் மாநகரின் ஒரு பகுதியாகிய வேலம்பாளையத்திற்கு, பனியன் தொழிலைப் பற்றி ஒன்றும் அறியாத வெளியூரான் ஒருவன் ஒரு நாள் காலையில் வந்து சேர்கின்றான் என்று கொள்வோம். ஓரிடத்தில் நூற்கோன்கள் அடுக்கப்பெற்றுள்ளன. மற்றோரிடத்தில் பின்னல் எந்திரம் வட்டமாகச் சுழல, துணி குழல்போல் இறங்கிக்கொண்டிருக்கின்றது. சாயமேற்றிய துணி ஒரு வண்டியிற் செல்கின்றது. ஒரு கம்பெனியில் துணியை வெட்டுகின்றனர். அடுத்த கூடத்தில் தைக்கின்றனர். அதற்கப்பால் மடித்துப் பெட்டியில் அடைக்கின்றனர். ஒரு நூல் பனியனாகும் வரை அவன் உடனிருந்து பார்த்தானல்லன். அதற்கு நாள் பல வேண்டும். ஆயினும் மாலையில் ஊர் திரும்புமுன், பனியன் உருவாகும் வரலாற்றை ஒருவாறு சொல்லிவிடுவான். பல நிலைகளை ஒரே நாளிற் கண்டு, அவற்றை முன்னும் பின்னுமாக வரிசைப்படுத்திக் கொண்டமையே அதற்குக் காரணம்.

விண்மீன் மண்டலங்களின் பிறப்பையும் வளர்ச்சியையும் ஆராயும் வானநூலாரின் நிலையும் இத்தகையதே. நம் கதிரவன் பால்வீதி என்னும் மண்டலத்தைச் சேர்ந்தவன். அதன் குறுக்களவு ஏறத்தாழ 1 இலட்சம் ஒளியாண்டு. அதில் உள்ள விண்மீன்கள் 10,000 கோடிக்குக் குறையா. அம்மண்டலத்தின் நடுவைக் கதிரவன் ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மனித இனம் தோன்றிய நாள்முதல் இன்றுவரை அவ்வட்டத்தின் ஒரு சிறு கூறுகூட முடியவில்லை. ஆதலின், ஒரு மண்டலம் வளர்வதை இருந்து பார்ப்பது எவர்க்கும் இயலாத செயல்.

எனினும் வானநூலார்க்கு ஒரு பேறு உண்டு. ஒளி விரைந்து செல்வதாயினும் அதன் விரைவுக்கும் ஓர் அளவுண்டு. அண்டை மண்டலமாகிய ஆண்ட்ரோமெடாவிலிருந்து இன்று நம் கண்ணை அடையும் ஒளி, ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்ப் புறப்பட்டது. நாம் காண்பது அன்றைய ஆண்ட்ரோமெடாவையே. இன்னும் தொலைவில் உள்ளவை இன்னும் இளமைக் கோலத்தில் தோன்றுகின்றன. பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். பெருந்தொலைநோக்கிகள் அதன் குழந்தைப் பருவம் வரை எட்டிப் பார்த்துவிட்டன. வேலம்பாளையத்திற்கு வந்தவன் எது முன், எது பின் என ஊகித்து அறிந்தான். வானிலோ ஒவ்வொரு மண்டலத்தின் ஒளியும் தன் காலத்தைத் தானே உணர்த்துகின்றது.

ஆயின், வரிசை தெரிந்துவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது என்று கொள்ளலாகாது. தொலைவிற் காணும் இளமண்டலமும் அண்மையிற் காணும் முதுமண்டலமும் வெவ்வேறானவை. அதுவே இதுவாயிற்று என்பதற்குச் சான்று யாது? இவ்விடத்தில்தான் கணக்கு துணைக்கு வருகின்றது. தொடக்கநிலை இன்னதென வைத்துக்கொண்டு, இயற்கை விதிகளைப் புகுத்தி, சிறு சிறு காலப்படிகளாகக் கணக்கிட்டு, முடிவில் வருவது மெய்யான வானத்தோடு ஒத்துள்ளதா எனப் பார்க்கின்றனர். இதனை மாதிரிக் கணக்கு எனலாம்.

கணிப்பொறி இல்லாத காலத்திலேயே இம்முயற்சி தொடங்கிவிட்டது. 1941-இல் சுவீடன் நாட்டு அறிஞர் எரிக் ஹோம்பெர்க் என்பார் செய்த சோதனை வியக்கத்தக்கது. ஈர்ப்பு விசை தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைகின்றது. விளக்கொளியும் அவ்வாறே குறைகின்றது. இவ்வொற்றுமையைப் பற்றிக்கொண்டு, ஒரு மண்டலத்திற்கு 37 ஆக இரு மண்டலங்களுக்கு 74 மின்விளக்குகளை அவர் பரப்பி வைத்தார். ஒவ்வொரு விளக்கின் இடத்திலும் விழும் ஒளியைக் கருவியால் அளந்தார். அவ்வளவையே ஈர்ப்பின் அளவாகக் கொண்டு விளக்குகளைச் சிறிது சிறிதாக நகர்த்தினார். ஒன்றையொன்று நெருங்கிக் கடக்கும் மண்டலங்கள் உருக்குலைவதையும், சிலபோது ஒன்றிடம் மற்றொன்று சிக்கிக்கொள்வதையும் அவ்விளக்குகளே காட்டின.

அங்ஙனம் சிக்கிக்கொள்வது ஏன் என்பதை விளக்குதற்குரிய ஒரு விதியைக் கணக்கால் நிறுவியவர் தமிழர் ஒருவர். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-இல் இலாகூரிற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்றவர். வெண்குறு மீன்களின் எடைவரம்பைக் கண்டவர் என்றே பலரும் அவரை அறிவர். 1983-இல் நோபல் பரிசும் பெற்றார். 1943-இல் அவர் வெளியிட்ட ‘இயக்க உராய்வு’ பற்றிய ஆய்வோ அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. பேரெடையுள்ள பொருள் ஒன்று விண்மீன் கூட்டத்தினூடே செல்லும்போது, சுற்றியுள்ளவற்றைத் தன்பால் இழுக்கின்றது. அவை வந்து கூடுவதற்குள் அது முன்னே சென்றுவிடுகின்றது. ஆகவே அதன் பின்புறத்தே செறிவு மிகுகின்றது. அச்செறிவு அதனைப் பின்னோக்கி இழுக்க, அதன் விரைவு குறைகின்றது. எதனோடும் முட்டாமலே வேகம் தணிகின்றது என்பது கருதத்தக்கது. பெருமண்டலத்தைச் சுற்றும் சிறுமண்டலம் நாளடைவில் உள்ளிழுக்கப்பெற்று அதனோடு கலப்பது இவ்வாறே. சந்திரசேகரின் இவ்வுராய்வு விதி மாதிரிக் கணக்குகளில் இன்றும் கையாளப்படுகின்றது.

பால்வீதியும் ஆண்ட்ரோமெடாவும் ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளில் மோதும் என்று 2012-இல் அறிஞர் கணித்தனர். அண்டையிலுள்ள பெரிய மெகல்லன் மண்டலத்தின் ஈர்ப்பையும் சேர்த்து 2025-இல் வெளியிட்ட கணக்கோ, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளுள் அவை இணைவதற்கும் இணையாமைக்கும் ஏறத்தாழ ஒத்த வாய்ப்பே உண்டு என்கின்றது. ஒன்றைச் சேர்த்தமையால் விடையே மாறிற்று.

கணிப்பொறி வந்தபின் கணக்கு பெரிதாயிற்று. 2005-இல் செருமனியின் கார்ச்சிங் நகரில் செய்யப்பெற்ற ‘மில்லேனியம்’ கணக்கு 1,000 கோடித் துகள்களின் ஓட்டத்தைத் தொடர்ந்து சென்றது. அத்துகள்கள் கரும்பொருளைக் குறிப்பன. ஒளி வீசாத, ஒளியை மறைக்காத அப்பொருள், நாமறிந்த பொருளைப்போல் ஏறத்தாழ 5 மடங்கு உள்ளது. ஈர்ப்பினாலன்றி வேறெதனாலும் இதுவரை அது தன்னைக் காட்டிற்றில்லை. தொடக்கத்தில் எங்கும் ஒரு தன்மையாய்ப் பரவியிருந்த பொருளில் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகள் இருந்தன. செறிந்த இடம் மேலும் ஈர்த்து மேலும் செறிந்தது. காலம் செல்லச் செல்லப் பொருள் இழைகளாய் நீண்டு வலைபோல் அமைந்தது. இழைகள் கூடும் முடிச்சுகளில் வளிமம் வந்து வீழ்ந்து குளிர்ந்து விண்மீன்களாயிற்று.

இதுவரையில் ஈர்ப்பின் கணக்கு, அது தெளிவானது. விண்மீன்கள் பிறக்கும் கணக்கே இடர்ப்பாடு மிக்கது. ஈர்ப்பையும் குளிர்ச்சியையும் மட்டும் வைத்துக் கணக்கிட்டால், வானில் உள்ளதைவிட மிகுதியான விண்மீன்கள் தோன்றிவிடுகின்றன. ஆதலின் தடுப்பதற்கும் ஏதோ ஒன்று வேண்டும். பெருவிண்மீன்கள் வெடிக்கும்போது வளிமம் சிதறடிக்கப்படுகின்றது. மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையருகே எழும் பேராற்றல் அதனைச் சூடேற்றி விரட்டுகின்றது. ஆனால், ஒரு விண்மீனின் வெடிப்பு கணிப்பொறியின் கண்ணிக்குள் அகப்படாத சிறுமையுடையது. ஆகவே அதன் விளைவை ஓர் எண்ணாகக் கணக்கில் புகுத்துகின்றனர். இன்றைய வானத்தோடு ஒத்துவருமாறு அவ்வெண்ணைத் திருத்தியும் கொள்கின்றனர். விடையைப் பார்த்து எழுதிய கணக்கைத் தேர்வாகக் கொள்ளலாமோ? திருத்துவதற்குப் பயன்படாத வேறொரு செய்தியையும் அம்மாதிரி சரியாக உரைத்தாலன்றி அதனை நம்புதற்கில்லை.

அத்தகைய தேர்வு இப்போது நடைபெற்று வருகின்றது. 2021 திசம்பர் 25-இல் விண்ணிற் செலுத்தப்பெற்ற ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, மாதிரிகள் எதிர்பார்த்ததைவிட ஒளிமிக்க மண்டலங்களைப் பேரண்டத்தின் இளமையிலேயே கண்டது. அதன் படங்களை ஆராய்ந்த புனே நகரத் தேசிய வானொலி வானியற்பியல் மையத்தைச் சேர்ந்த ராசி ஜெயினும் யோகேஷ் வாடாடேகரும், 2025-இல் ஒரு மண்டலத்தை அறிவித்தனர். இமயத்து ஆற்றின் பெயரால் அதற்கு ‘அலக்நந்தா’ என்று பெயரிட்டனர். பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 150 கோடி ஆண்டுகளாக இருந்தபோதே, ஏறத்தாழ 30,000 ஒளியாண்டு அகலமுடைய அம்மண்டலம் இரு சுருட்கைகளோடு திருத்தமாக அமைந்திருந்தது. அவ்விளமையில் மண்டலங்கள் கொந்தளிப்பும் ஒழுங்கின்மையும் உடையனவாக இருக்குமென்பதே பெரும்பாலான மாதிரிகளின் எதிர்பார்ப்பு. அதன் சுருட்கைகள் குளிர்ந்த வளிமம் இடையறாது வந்து சேர்ந்தமையால் அமைந்தனவா, சிறுமண்டலம் ஒன்று அருகே வந்து இழுத்தமையால் அமைந்தனவா என்பது இன்னும் துணியப்படவில்லை. அதன் விண்மீன்களும் வளிமமும் அமைதியாகச் சுற்றுகின்றனவா, கலங்கிச் சுற்றுகின்றனவா என்பதை அளந்தால் விடை கிடைக்கக்கூடும். அவ்வளவைக்கு ஜேம்ஸ் வெப்பின் நிறமாலைக் கருவியும், சிலி நாட்டு மலைநிலத்திலுள்ள ஆல்மா வானொலித் தொலைநோக்கிகளும் ஏற்றவை.