ஆஃபர் வந்தாச்சு... மார்க்கை எவ்வளவு சொல்லணும்?

ஃபைனல் இயர் நண்பர்களிடம் அடிக்கடி வரும் சந்தேகம் இது: "வேலை கிடைச்சாச்சு. இனிமே அரியர் கதை, கேட் தேர்வு ஸ்கோர் எல்லாம் கம்பெனிகிட்ட சொல்லணுமா?" அவங்க கேட்டாங்களா, கேட்கலையா என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

1. கேட்டால், உள்ளபடி எழுதுங்க

ஜாயினிங் ஃபார்மில் நீங்க எழுதுவது பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனுக்குப் போகும். மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகத்திடமே கேட்டுச் சரிபார்ப்பதும் உண்டு. தேர்வான பிறகு பெரிய ஆபத்து குறைந்த மார்க் அல்ல; ஃபார்மில் ஒண்ணு, மார்க் ஷீட்டில் ஒண்ணு என்று இருப்பதுதான். தவறான தகவல் தந்தால் வேலையை ரத்து செய்யலாம் என்று ஆஃபர் லெட்டரில் விதி இருக்கிறதா என்று பாருங்க.

இரண்டு சொற்களைக் குழப்பிக்க வேண்டாம். 'ஸ்டாண்டிங் அரியர்' என்றால் இன்னும் கிளியர் பண்ணாதது. 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்' என்றால் எழுதிப் பாஸானதும் சேரும். ரெண்டாவதைக் கேட்கும் இடத்தில், எல்லாம் முடிச்சாச்சே என்று பூஜ்ஜியம் போடக் கூடாது.

2. கணக்கைச் சரியாகப் போடுங்க

சிஜிபிஏ என்பது செமஸ்டர் ஜிபிஏக்களின் வெறும் சராசரி இல்லை. கிரெடிட்டும் சேரணும். உதாரணமாக, 24 கிரெடிட் உள்ள செமஸ்டரில் 6, 10 கிரெடிட் உள்ள செமஸ்டரில் 9 என்று வைப்போம். வெறும் சராசரி 7.5. கிரெடிட்டோடு பார்த்தால் (24×6 + 10×9) ÷ 34 = 6.88. கம்பெனி கேட்பது 7 என்றால், ஒரே ஆள் ஒரு கணக்கில் உள்ளே, இன்னொன்றில் வெளியே! 6.88-ஐ 7 என்று ரவுண்ட் பண்ணவும் வேண்டாம். சதவீதமாக மாற்ற உங்க பல்கலைக்கழகம் தந்த சூத்திரத்தையே பயன்படுத்துங்க. 9.5-ஆல் பெருக்குவது சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்குச் சொன்ன முறை; பி.இ.க்கு அதை எடுத்துப் போடாதீங்க.

3. கேட்காவிட்டால், நீங்கதான் முடிவு செய்யணும்

கேட் ஸ்கோர் 3 வருஷம் செல்லும். அதை வைத்து ஆள் எடுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கு அது கட்டாயம். ஆனா சாஃப்ட்வேர் கம்பெனியில் கேட்காமலே சொன்னால், "இவர் எம்.டெக் போயிடுவாரோ" என்று எச்ஆர் யோசிக்கலாம். பாடத்தோடு தொடர்புள்ள கோர் வேலை என்றால் அதே ஸ்கோர் உங்களுக்குப் பலம். எழுதும்போது 100-க்கு எடுத்த மார்க், 1000-க்கான ஸ்கோர், ரேங்க் மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்க. ஸ்கோர் 650 என்றால் 65 மார்க் என்று அர்த்தம் இல்லை.

சொல்லாமல் விடுவது உங்க உரிமை. நேரடியாகக் கேட்டபின் மாற்றிச் சொல்வதுதான் பொய்.

4. யாரிடம் தருவது?

எச்ஆரின் அதிகாரப்பூர்வ மெயில் அல்லது போர்ட்டல் வழியாக மட்டும் அனுப்புங்க. புது பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் மார்க் ஷீட் போட வேண்டாம். ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கோங்க.

ஏற்கெனவே தப்பா எழுதி அனுப்பியாச்சா? வெரிஃபிகேஷன் தொடங்கும் முன்னே எச்ஆருக்கு நாலு வரி மெயில் போட்டுத் திருத்திடுங்க. அவங்க கண்டுபிடிக்கும் முன் நீங்க சொன்னால் அது திருத்தம். பிறகு சொன்னால் வெறும் சமாளிப்பு.