எவரெஸ்ட் அடிவார முகாம்: மலையில் பசி அடங்கினால் என்ன செய்வது? முதன்முறை செல்வோருக்கான முழுமையான வழிகாட்டி

லுக்லாவில் (2,860 மீட்டர்) இறங்கி நடக்கும் முதல் நாள் நன்றாகவே பசிக்கும். நாம்சே பஜாரைத் (3,440 மீட்டர்) தாண்டியபின் பலருக்கு நிலைமை மாறிவிடும். ஆறு மணி நேரம் ஏறி வந்தும், தட்டைப் பார்த்தாலே வேண்டாம் என்றிருக்கும்.

படி 1: காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

முகாம் இருக்கும் 5,364 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். குளிரும் லாட்ஜ் சாப்பாடும்தான் பசியைக் கெடுக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். 1985-இல் நடந்த 'ஆபரேஷன் எவரெஸ்ட் 2' ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. கதகதப்பான அறைக்குள் சிலரை வைத்து, 40 நாட்களில் காற்றழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். பிடித்த உணவு வேண்டிய மட்டும் கிடைத்தது. அப்படியும் நாளுக்கு 3,136 கலோரி சாப்பிட்டவர்கள் 1,789-க்கு இறங்கினார்கள், சராசரியாக 7.4 கிலோ எடை குறைந்தது. ஆக்சிஜன் குறைவு ஒன்றே பசியை அடக்கப் போதும். அதே நேரம், உயரத்தில் சும்மா இருக்கும்போதும் உடல் வழக்கத்தைவிடக் கூடுதல் கலோரியை எரிக்கிறது. குறைவது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான். அதனால் இந்தப் பயணத்தை உடல் இளைக்கும் வழியாக நினைக்காதீர்கள்.

படி 2: பசிக்காகக் காத்திருக்காதீர்கள்

கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கை உலர்திராட்சையோ கடலை மிட்டாயோ போதும். லாட்ஜில் தால் பாத் கேளுங்கள்: சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, பல இடங்களில் மறுசோறும் உண்டு. மாவுச்சத்தை எரிக்க, கொழுப்பைவிடக் குறைந்த ஆக்சிஜனே போதும். சோறு இறங்கவில்லையா? ஷெர்பாக்களின் ஷ்யாக்பா கேளுங்கள். உருளைக்கிழங்கும் மாவுத்துண்டுகளும் மிதக்கும் அந்தச் சூடான குழம்பு, வாய் மறுக்கும் நாளிலும் உள்ளே போகும்.

இறைச்சி வேண்டாம். அந்தப் பகுதியில் ஆடுமாடு வெட்டுவதில்லை. கீழிருந்து சுமந்து வருவதற்குள் நாட்கள் ஆகிவிடும். பூண்டு சூப்பை, உயரத்தால் வரும் மலைநோய்க்கு மருந்தென்பார்கள். மருந்தாக நம்பாமல், வெந்நீரும் உப்பும் சேர்வதற்காகக் குடியுங்கள்.

படி 3: தண்ணீர்

வறண்ட காற்றில் மூச்சோடு நிறைய நீர் போய்விடும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கும் அளவுக்குக் குடித்தால் சரி.

படி 4: எச்சரிக்கையைக் கவனியுங்கள்

பசியின்மை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். தலைவலியும் சேர்ந்தால் மலைநோய் தொடங்கியிருக்கலாம். அன்று மேலே ஏறாதீர்கள். வாந்தி கூடினாலோ, நடை தள்ளாடினாலோ, இரவென்றும் பாராமல் இறங்குங்கள். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை தங்கி ஓய்வெடுத்தால் பசியும் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

படி 5: இறங்கியபின்

பசி வேகமாகத் திரும்பும். நீர் இழப்பால் குறைந்த எடை சில நாட்களில் ஏறிவிடும். கரைந்த தசை மீள வாரக்கணக்கில் ஆகும். முட்டை, பருப்பு, பால் என்று கூட்டிச் சாப்பிட்டு, மெல்ல உடற்பயிற்சிக்குத் திரும்புங்கள்.