டோக்கியோவில் ஓர் அண்டை வீடு

ஜப்பானிலிருந்து திரும்பிய என்னிடம் நம் சங்க நண்பர்கள் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள். அதிவேக ரயிலில் ஏறினாயா? சோற்றுக்கு என்ன செய்தாய்? ரயிலில் ஒருமுறை ஏறினேன், சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் ஆறு மாதம் அந்நகரில் குடியிருந்து நான் கற்ற பாடம் வேறு. அதை இங்கே எழுத விரும்புகிறேன்.

பௌதிக ஆராய்ச்சிப் பயிற்சிக்காகச் சென்ற ஆண்டு ஏப்ரலில் டோக்கியோ சென்றேன். விமான நிலையத்திலேயே குடியிருப்பு அட்டை ஒன்று கொடுத்தனர். மூன்று மாதத்திற்கு மேல் தங்கும் அயல்நாட்டாருக்கு 2012ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் அட்டை இது. எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். வீடு அமர்ந்த 14 நாட்களுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அங்கேயே மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்தேன். சிகிச்சைச் செலவில் பத்தில் மூன்று பங்கை நாம் கொடுத்தால் போதும். எல்லாம் ஒரே பிற்பகலில் முடிந்தன. நானும் டோக்கியோவாசி ஆகிவிட்டேன் என்று எண்ணிக்கொண்டேன்.

என் அறை எதோகாவா வார்டில், நிஷிகசாய் பகுதியில் இருந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கணினிப் பொறியாளர்கள் வரத் தொடங்கியதிலிருந்து இந்தியர் மிகுந்த இடம் அது. துவரம்பருப்பு கிடைக்கும், தமிழ்க் குரலும் காதில் விழும். பகலில் ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலம், இரவில் தமிழ் நண்பர்கள். ஆறு மாதத்திற்கு ஜப்பானிய மொழி எதற்கு என்று இருந்துவிட்டேன்.

முதல் அடி குப்பையில் விழுந்தது. எரியும் குப்பைக்கு ஒரு நாள், புட்டிகளுக்கும் காகிதத்திற்கும் வேறு நாள் என்பது அங்கே கண்டிப்பான முறை. நான் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி வைத்தேன். மாலையில் பார்த்தால் அந்தப் பை மட்டும் சீட்டு ஒட்டப்பட்டு அங்கேயே கிடந்தது. பக்கத்து வீட்டு மூதாட்டி வந்து, பையை அவிழ்த்து, எது எந்த நாளைக்கு என்று சைகையால் காட்டினார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

இரண்டாவது அடி ஒரு நள்ளிரவில் வந்தது. கைபேசி அலறியது; சில நொடிகளில் கட்டில் ஆடிற்று. நில நடுக்கத்தில் முதலலை விரைந்து வரும், அழிவு செய்யும் இரண்டாம் அலை பின்னால் வரும், அந்த இடைவெளியில்தான் எச்சரிக்கை தருகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் திரையில் வந்த எழுத்துகளில் ஒன்றும் விளங்கவில்லை. வெளியே ஓடுவதா, உள்ளே இருப்பதா? நடுக்கம் சிறியது, பிழைத்தேன்.

மறுநாள் முதல் படிக்கத் தொடங்கினேன். நாம் செய்தித்தாளில் காணும் ரிக்டர் முதலிய எண்கள் நிலநடுக்கத்தின் மொத்த வலிமையைக் குறிப்பவை. ஜப்பானியரோ 'ஷிந்தோ' என்ற அளவை முதலில் கேட்பார்கள். அது நாம் நிற்கும் இடம் எவ்வளவு ஆடிற்று என்பதைச் சொல்வது. 0 முதல் 7 வரை. 5ஐயும் 6ஐயும் இரண்டிரண்டாகப் பிரித்திருப்பதால் பத்துப் படிகள். 2011 மார்ச் 11 அன்று நேர்ந்த நடுக்கத்தின் வலிமை 9.0. மியாகி மாநிலத்தின் ஓரிடத்தில் ஷிந்தோ 7. டோக்கியோவில் 5இன் மேற்படி. நடுக்கம் ஒன்றே, இடத்திற்கு இடம் அளவு வேறு.

படிக்கும்போது மற்றொன்றும் அறிந்தேன். 1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோ வட்டாரத்தை அழித்த நடுக்கத்தில் ஏறத்தாழ ஒரு லட்சத்து ஐயாயிரம் பேர் மாண்டனர். கொரியர்கள் கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்று அப்போது வதந்தி பரவிற்று. ஆயிரக்கணக்கில் கொரியர் கொல்லப்பட்டனர். வழியில் மறித்து, 'பதினைந்து யென் ஐம்பது சென்' என்பதை ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்களாம். உச்சரிப்பு பிசகினால் உயிர் போயிற்று. வல்லொலி மெல்லொலி வேறுபாடு அச்சொற்களில் உண்டு. நம் எழுத்திலும் அந்த வேறுபாடு இல்லை. படித்த அன்றிரவு அச்சொற்களை நானே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். சரியாக வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

காலம் மாறியிருக்கிறது. 1995 ஜனவரி 17 அன்று கோபே நகர் குலுங்கியபோது, அறிவிப்புகள் புரியாமல் அயல்நாட்டார் தவித்தனர். அதன் பிறகு மொழி அறிஞர்கள் 'எளிய ஜப்பானிய மொழி' ஒன்றை வகுத்தனர். புகலிடம் செல்க என்னும் கடுஞ்சொல்லுக்குப் பதிலாக 'ஓடித் தப்புங்கள்' என்று சொல்வது அதன் முறை. அதே கோபேயில், இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றியவர்கள் குடும்பத்தாரும் அண்டை வீட்டாருமே. அரசாங்கப் படை வந்து சேருமுன் அவர்கள் கைகள்தாம் முந்தின.

1960 முதல் செப்டம்பர் 1 பேரிடர்த் தடுப்பு நாள். அதை ஒட்டித் தெருச் சங்கத்தார் நடத்திய ஒத்திகைக்கு அந்த மூதாட்டி என்னை அழைத்துச் சென்றார். பக்கத்துத் தொடக்கப் பள்ளிதான் எங்கள் புகலிடம். அங்கே ஒருவர் குடியிருப்போர் பட்டியலில் என் பெயரை எழுதிக்கொண்டார். மூதாட்டி எளிய சொற்களில், நான் விளங்கிக்கொள்ளுமாறு மெல்லச் சொன்னார்: "நீ இருக்கிறாய் என்று தெரிந்தால்தானே தேடுவோம்!"

வார்டு அலுவலகத்தில் பதிந்தது முகவரி. நான் குடியிருப்பவன் ஆனது அன்றுதான்.

நண்பர்களே, என் தந்தை பிழைப்புத் தேடி வடநாடு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் எதிர் வீட்டுக்காரரின் பெயர் எனக்குத் தெரியாமலே இருந்தது. திரும்பி வந்த வாரத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இவ்வூரில் நாமும் தமிழ் வட்டத்திற்குள்ளேயே காலம் கழிக்க முடியும். அதில் இன்பம் உண்டு, பாதுகாப்பு இல்லை. புதிதாக வரும் மாணவருக்கு நம் சங்கம் வரவேற்பு விருந்து அளிக்கிறது. அதனுடன், உதவி கேட்கவும் உதவி செய்யவும் வேண்டிய இவ்வூர்ச் சொற்கள் இருபதை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் என்ன? எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.