கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக்கல்

சில மாதங்களுக்கு முன்னர் பெர்லிஸ் மாநிலத்தின் கங்கார் நகருக்குச் சென்றிருந்தபோது, அங்குள்ள நமது அங்கத்தினர் ஒருவர் வீட்டில் தங்க நேர்ந்தது. அந்த வீட்டுக்கு அதற்கு முந்திய வாரம் ஒரு வியாபாரி வந்திருக்கிறார். அவர் தமது வடிகட்டியில் இறங்கிய தண்ணீரை ஒரு கிளாசிலும், வீட்டுக் குழாய்த் தண்ணீரை மற்றொரு கிளாசிலும் ஊற்றி, இரண்டிலும் மின்சாரக் கம்பிகள் பொருத்திய ஒரு கருவியை வைத்தாராம். சற்று நேரத்தில் குழாய்த் தண்ணீர் மஞ்சளாகி, பின்பு செம்பழுப்பாகிக் கசடு தள்ளிற்று. வடிகட்டிய தண்ணீரோ தெளிவாகவே இருந்தது. பிறகு கேத்தலைத் திறந்து, அடியில் ஓடுபோலப் படிந்திருந்த வெள்ளைக்கல்லைக் காட்டி, "சிறுநீரகத்தில் கல் உண்டாவது இதனால்தான்" என்று சொல்லிவிட்டு, இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் விலையுள்ள வடிகட்டிக்குத் தவணைத் தாளை நீட்டியிருக்கிறார்.

அந்த வீட்டுத் தாயார் என்னிடம், "காக்கா, இத்தனை வருசமா இந்தத் தண்ணியையா புள்ளைங்களுக்குக் குடுத்தேன்?" என்று கேட்டார். அன்று முதல் சமையலுக்குக்கூடப் போத்தல் தண்ணீர்தான் வாங்குகிறார்களாம். அந்தத் தாயாருக்கு நான் சொன்ன பதிலையே சற்று விரித்து இங்கு எழுதுகிறேன். ஈப்போ வட்டாரத்தில் கிணற்றுத் தண்ணீர் புழங்குகிறவர்களுக்கும் இது பயன்படும்.

நமது நாட்டில் பெரும்பாலான ஊர்களின் குழாய்த் தண்ணீர் ஆறுகளிலிருந்து வருவது, அது மென்னீர். ஆனால் பெர்லிஸ் சுண்ணாம்புக்கல் பூமி. அங்கே 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட தீமா தாசோ அணையின் நீரோடு, நிலத்தடி நீரும் குழாய் விநியோகத்துக்குப் பயன்பட்டு வந்திருக்கிறது. மழைத்துளி வானிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைக் கலந்துகொண்டு மிக மெல்லிய புளிப்பாகிறது. அந்தப் புளிப்புநீர் சுண்ணாம்புக்கல்லினூடே இறங்கும்போது கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு போகிறது. இவ்விதம் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த தண்ணீருக்குத்தான் வன்னீர் அல்லது கடினநீர் என்று பெயர். ஒரு லிட்டரில் சுண்ணாம்புக்கல் கணக்கில் 60 மில்லிகிராம் வரை இருந்தால் மென்னீர். 120-ஐத் தாண்டினால் வன்னீர். 180-க்கு மேற்பட்டால் மிகுந்த வன்னீர்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கரியமிலவாயு வெளியேறிவிடும். அது போனபின் கரைந்த கல் கரைந்த நிலையில் நிற்க முடியாது. மறுபடியும் கல்லாகிக் கேத்தலில் படிகிறது. பத்துமலைக் குகையின் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளும் இதே கல்தான். அங்கே நெருப்பின்றி, சொட்டுச் சொட்டாய், ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நடந்ததை நம் அடுப்பு ஒரு மாதத்தில் செய்துவிடுகிறது. காய்ச்சி ஆறிய தண்ணீரில் மிதக்கும் வெள்ளைத் துகளும் அதுவே. கொதிக்க வைத்தாலும் இறங்காத உப்புகளும் உண்டு. கால்சியம் சல்பேட்டு அவ்வகையைச் சேர்ந்தது. ஆகவே காய்ச்சினால் கடினம் குறையுமேயன்றி, முழுவதும் போய்விடாது.

வன்னீரால் வீட்டுக்கு உண்டாகும் நஷ்டம் எது என்று பார்ப்போம். முதலாவது சவுக்காரம். தண்ணீரிலுள்ள கால்சியம் சவுக்காரத்தோடு சேர்ந்து பிசுபிசுப்பான வெள்ளைக் கசடாகிறது. அந்தக் கால்சியம் தீர்ந்த பிறகுதான் நுரை வரும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினமுள்ள தண்ணீர் 20 லிட்டர் பிடிக்கும் ஒரு வாளியில், நுரை எழுமுன்பே ஏறக்குறைய 24 கிராம் சவுக்காரம் வீணாகும். நூறு கிராம் கட்டியில் ஏறக்குறைய காற்பங்கு! வெள்ளைச் சட்டை மங்குவதும், குளியலறைத் தரையில் அழுக்குக்கோடு விழுவதும் இக்கசடால்தான். சலவைத்தூள் இவ்வளவு கெடுவதில்லை. இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து முதன்முதலாக இங்கு வந்தவர்கள், "எவ்வளவு கழுவினாலும் சவுக்காரம் போகமாட்டேன் என்கிறதே" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஊரின் வன்னீருக்குப் பழகிய கைக்கு இங்குள்ள மென்னீர் அப்படித்தான் வழவழப்பாகத் தோன்றும்.

இரண்டாவது சமையல். வன்னீரில் கொண்டைக்கடலையும் பருப்பும் எளிதில் வேகா. கால்சியம் அவற்றின் தோலையும் சதையையும் இறுக்கிவிடுகிறது. மழைநீரிலோ, காய்ச்சி ஆறவைத்துத் தெளிந்த தண்ணீரிலோ ஊறவைத்துப் பாருங்கள். ஒரு சிட்டிகை ஆப்பச்சோடாவும் உதவும். தேநீரின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல ஓர் ஆடை படிகிறதே, அது எண்ணெயன்று. தேயிலைச் சத்தும் கால்சியமும் காற்றுப்பட்டுச் சேர்ந்து உண்டாவது. எலுமிச்சை பிழிந்தால் படியாது. கழுவாத கிளாஸ் என்று கடைப்பையனை வைதவர்கள் இதைக் கவனிக்கவும்.

மூன்றாவது, உணவுக்கடை நடத்தும் நம்மவர்களை அதிகம் பாதிப்பது. ஒரு கடையில் நாளொன்றுக்கு 100 லிட்டர் தண்ணீர் கொதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றால் நாளைக்கு 20 கிராம் கல். வருஷத்துக்கு ஏழு கிலோவுக்கு மேல். இதில் பாதிதான் படிகிறது என்றாலும் மூன்றரைக் கிலோ! இக்கல் உலோகத்தைப்போல வெப்பத்தைக் கடத்துவதில்லை. அதனால் கேஸ் அதிகம் எரியும். மின்சாரச் சூடேற்றியாயின் அதன் சுருள் அளவுக்கு மீறிச் சூடாகி விரைவில் கெடும். குளியலறைத் தண்ணீர்ச் சூடேற்றியும் நீராவி இஸ்திரிப்பெட்டியும் அடைத்துக்கொள்வதும் இவ்விதமே.

உடலுக்குக் கெடுதி உண்டா? உலக சுகாதார நிறுவனம் தண்ணீரின் கடினத்துக்கு ஆரோக்கிய அடிப்படையில் எந்த வரம்பும் விதிக்கவில்லை. மலேசியக் குடிநீர்த் தரப்பட்டியல் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. கால்சியமும் மக்னீசியமும் நம் எலும்புக்கும் தசைக்கும் வேண்டியவையே. 1957-இல் ஜப்பானில் கோபயாஷியும், 1960-இல் அமெரிக்காவில் ஷ்ரோடரும் வெளியிட்ட ஆராய்ச்சிகள், வன்னீர் உள்ள வட்டாரங்களில் பக்கவாதமும் இருதய நோயும் குறைவாக இருக்கலாம் என்ற எண்ணத்தைக் கிளப்பின. அது இன்றளவும் தீர்ந்த முடிவன்று. ஆதலால் வன்னீரை மருந்தென்று கொண்டாடவும் வேண்டாம். சிறுநீரகக் கல்லைப் பொறுத்தவரை, வன்னீர் குடிப்பதே அதற்குக் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. தண்ணீர் குறைவாகக் குடிப்பதுதான் நன்கறிந்த காரணங்களுள் ஒன்று. கேத்தலில் கல் படிவது கொதிப்பதால். நம் வயிற்றில் தண்ணீர் கொதிப்பதில்லை.

அப்படியானால் அந்தச் செம்பழுப்புக் கசடு? அது தண்ணீரில் இருந்ததன்று; கருவியின் இரும்புக்கம்பி கரைந்து உண்டான துரு. தாதுப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும். உப்பெல்லாம் நீக்கிய தண்ணீரில் பெரும்பாலும் பாயாது. ஆகவே ஒன்று பழுப்பாகிறது, மற்றது தெளிவாக நிற்கிறது. இனி யாராவது அக்கருவியோடு வந்தால், அவருடைய தெளிந்த கிளாசில் ஒரு சிட்டிகை சமையலுப்பைப் போட்டு மறுபடியும் வைக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். (மின்சார விஷயமாதலால் தாமாகச் செய்து பார்க்க வேண்டாம்.)

உங்கள் தண்ணீர் வன்னீரா என்றறிய இரண்டு ஒரேமாதிரிப் போத்தல்கள் போதும். ஒன்றில் மழைநீர், மற்றதில் குழாய்நீர். இரண்டிலும் சமஅளவு சவுக்காரச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். நுரை குறைந்து கலங்கினால் வன்னீர். சலவைத்தூளைக் கொண்டு இச்சோதனை செய்தால் விடை சரியாக வராது.

கேத்தலுக்கு மருந்து காடி. காடியும் தண்ணீரும் சமபாகம் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால் கல் பொங்கிக் கரையும்; பிறகு இரண்டுமுறை வெறுந்தண்ணீரைக் காய்ச்சிக் கொட்டிவிடவும். அலுமினியப் பாத்திரமாயின் அதிக நேரம் விடக்கூடாது. புளிப்பு உலோகத்தையும் அரிக்கும். குளோரின் கலந்த வெளுப்புத் திராவகத்தோடு காடியை ஒருபோதும் கலக்காதீர்கள்; விஷவாயு உண்டாகும்.

கடைக்காரர்கள் மென்னீராக்கும் சாதனம் வைப்பது நியாயமான செலவே. அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தைத் தருகிறது: 100 மில்லிகிராம் கடினம் நீங்கினால் 46 மில்லிகிராம் சோடியம் சேரும். எனவே அதைக் கொதிகலனுக்கும் சலவைக்கும் வைத்துக்கொண்டு, குடிக்கும் குழாயைத் தனியே விடவேண்டும். இரத்த அழுத்தமுள்ளவர்களும், புட்டிப்பால் கரைக்கும் தாய்மார்களும் இதை மறக்கலாகாது.

கங்கார் வீட்டில் அன்று மாலையே காடிப் போத்தல் ஒன்று வாங்கி வந்தோம். கேத்தலுக்குள் கல் பொங்கும் சத்தத்தைக் கேட்கப் பிள்ளைகள் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள். தவணைத் தாளில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றார் வீட்டுக்காரர்.