எருமையும் பேனும்

உணர்ச்சியற்றவனைக் கண்டால் ‘எருமைமேல் மழை பெய்தாற்போல’ என்று பழிப்பது உலக வழக்கு. இவ்வழக்கு எருமைக்கு இழைக்கும் பழி சிறிதன்று. மழைக்கு அசையாத அவ்விலங்கு, மேனியில் ஊரும் சிறு பேனுக்கு ஆற்றாது மரத்திலும் சுவரிலும் உடலைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளும்.

எருமைப்பேன் சிறகில்லாத பூச்சி. ஆறு கால்களை உடையது. இரத்தம் உறிஞ்சி வாழ்வது. இதனை உண்ணி என மயங்குவாரும் உளர். முதிர்ந்த உண்ணிக்குக் கால்கள் எட்டு. அது தரையிலும் சுவர்ப் பிளவிலும் தங்கவல்லது. பேனோ பிறந்தது முதல் இறக்குமளவும் விலங்கின் மேனியிலேயே வாழ்வது. அதனை விட்டு நீங்கின் சில நாள்களில் மடியும். மனிதர் தலையில் இது குடிபுகுவதில்லை. பெண் பேன் தன் முட்டையை மயிரில் பசைகொண்டு ஒட்டிவைக்கும். அம்முட்டைக்கு ‘ஈர்’ எனத் தனிப்பெயர் இட்ட நம் முன்னோரின் நுண்ணோக்கு வியத்தற்குரியது. ஈர் ஏறத்தாழ 9 முதல் 13 நாள்களில் பொரியும்.

காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிய, அதற்கும் கொள்ளிடத்திற்கும் இடையே தீவாய் அமைந்தது திருவரங்கம். இத்தகைய நீர்நாட்டில் எருமைக்கு இயற்கையே மருத்துவன். எருமைத் தோலில் வியர்வைச் சுரப்பிகள் குறைவு. ஆதலின் அது வெப்பம் தணிய நீரையும் சேற்றையும் நாடும். பூசிய சேறு உலர்ந்து உதிருங்கால் பேனும் ஓரளவு அதனோடு நீங்கும். கடும் வெயிலும் பேனுக்குப் பகையே.

ஆயினும் மார்கழி, தை மாதங்களில், ஆற்றில் நீரோடினும் குளிரால் எருமை நீராடுவது குறையும், மயிர் அடர்ந்திருக்கும், இரவில் மாடுகள் ஒன்றையொன்று நெருங்கிப் படுக்கும். பேன் பல்குவதற்கு இவை மூன்றும் போதும். திருச்சிராப்பள்ளி போன்ற நகரங்களில், மேய்ச்சலும் குட்டையும் இன்றிச் சிறு கொட்டிலில் நெருக்கிக் கட்டப்படும் எருமைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. இத்தாலி நாட்டில் கொட்டிலில் அடைத்து வளர்க்கப்படும் எருமைகளிடத்தும் இப்பேன் காணப்படுகிறது.

பெரிதும் துன்புறுவது கன்றே. அதன் தோல் மெல்லியது, மயிர் அடர்ந்தது. பேன் மிகுந்தால் குருதி குன்றிக் கன்று மெலியும். சில வேளை மடிதலும் உண்டு. எருமைப் பாலை நம்பி வாழும் குடும்பத்திற்குக் கன்றின் இழப்பு எளிதன்று. பேனால் மெலிவு வந்ததா, மெலிவால் பேன் பெருகியதா எனின், இரண்டும் உண்மையே. தீனி குறைந்து நலிந்த விலங்கு தன்னை நக்கியும் தேய்த்தும் பேனை விலக்க மாட்டாது. பேன் பெருகப் பெருக நலிவும் பெருகும்.

புதிதாக வாங்கிய எருமையைப் பிறவற்றோடு சேர்க்குமுன் காதடி, கழுத்து, வால்மயிர் ஆகிய இடங்களை விலக்கிப் பார்த்தல் வேண்டும். ஒன்றில் பேன் இருப்பினும், கால்நடை மருத்துவர் கூறும் மருந்தைக் கொட்டிலில் உள்ள எல்லாவற்றிற்கும் ஒரே நாளில் இடுதல் முறை. பல மருந்துகள் பேனைக் கொல்லுமேயன்றி ஈரைக் கொல்லா. ஆதலின் ஈர் பொரிந்த பின், இரண்டு வாரம் கழித்து, மறுமுறையும் இடுதல் வேண்டும். மருந்திட்ட எருமையின் பாலை எத்துணை நாள் விலக்க வேண்டும் என்பதையும் அம்மருத்துவரிடமே கேட்டறிதல் வேண்டும்.