துணைக்குப் போனாலும் கேஸ்தான்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான், சிறுவர்களுக்கென்று ஒதுக்கிய நாளில் மகனை மான் வேட்டைக்குக் கூட்டிப்போனாராம். போதமலைப் பக்கம் நாமும் பையன்களுக்குத் துணையாகப் போகலாமா?
- வாசகர், ராசிபுரம்

பதில்: வேண்டாம் சாமி! விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் அப்படி நாள் உண்டு. பெரியவர் கூடவே நிற்க வேண்டும். இங்கே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறுவர் நாளும் இல்லை, பெரியவர் நாளும் இல்லை. சுட்டால்தான் வேட்டை என்றும் இல்லை. கண்ணி வைப்பது, வலை கட்டுவது, புதரைத் தட்டி விரட்டுவது, ஏன், முயன்று கோட்டைவிட்டாலும் வேட்டைதான். துணைக்குப் போனவர் உடந்தை.

வாழப்பாடி பக்கம் பொங்கலை ஒட்டி வங்காநரியை வலைவைத்துப் பிடித்து, மாலை போட்டு, ஊருக்குள் ஓடவிட்டு, திரும்பக் காட்டிலேயே விடுவார்கள். நரிக்கு உயிர்ச்சேதம் இல்லை. ஆனாலும் வனத்துறை அபராதம் தீட்டியது, பிடித்ததே குற்றம்.

உயிரைக் காத்துக்கொள்ள வேறு வழியின்றிக் கொன்றால் குற்றமில்லை; அப்போதும் உடல் அரசுக்குத்தான். சோளக்காட்டில் மான் மேய்ந்தால் வனத்துறையிடம் மனுக் கொடுங்கள். யாராவது மான்கறி என்று பங்கு நீட்டினால் கையை நீட்டாதீர்கள். வீட்டில் வைத்திருந்தாலே கேஸ்.